மண்டபம் பிறகு கட்டிக்கொள்ளலாம்

எங்கள் பள்ளியில் புதிய இணைக்கட்டடம் எழுப்பப் போகிறோம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் அறிவித்ததிலிருந்து, என்னைப் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது மண்டபத்தைப் பற்றித்தான். எத்தனை பேர் உட்காரலாம், மேடை எவ்வளவு அகலம், குளிர்சாதனம் உண்டா? கட்டடக் குழுவில் நானும் இருக்கிறேன். என் பிழைப்பும் அதுதான்: ஒரு கட்டுமானக் குத்தகை நிறுவனத்தில் கியூ.எஸ். வேலை. வரைபடத்தைப் பார்த்து எவ்வளவு கம்பி, எவ்வளவு கான்கிரீட், என்ன விலை என்று கணக்கெடுத்துத் தருவேன். ஆகவே என் பதிலை எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். முதல் கட்டத்தில் மண்டபம் வேண்டாம். வகுப்பறைகள், கழிப்பறை, ஒழுங்கான அறிவியல் கூடம், இவை முதலில் வரட்டும். இதற்காகக் குழுவில் வாதாடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் வாதாடுவேன்.

பள்ளியின் இன்றைய நிலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். கோலாலம்பூரில், சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்ட இடம். காலையில் நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டு. மதியத்தில் ஒன்று முதல் மூன்று வரை. ஏழு வயதுப் பிள்ளை மாலை ஆறரைக்குப் பள்ளி விட்டு, வேனில் ஏறி, நெரிசலில் ஊர்ந்து வீடு சேரும்போது இருட்டிவிடும். என் மகளும் அப்படித்தான் போய்வந்தாள். வேனிலேயே தூங்கிவிடுவாள், காலணியைக்கூடக் கழற்றாமல் தூக்கிவந்து சோபாவில் கிடத்துவேன். பழைய அறிவியல் கூடத்தின் நடுவில் பலகை அடித்து இரண்டு வகுப்பாக்கிவிட்டார்கள். ஒரு பக்கம் வாய்ப்பாடு சொன்னால் மறுபக்கம் செய்யுள் கேட்காது. ஓய்வு நேரத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை வரிசையில் நின்றே பாதி நேரம் போய்விடும். சாப்பிடுவதா, கழிப்பறைக்குப் போவதா என்று ஒரு குழந்தை யோசிக்க வேண்டிய இடமாகப் பள்ளி இருக்கக் கூடாது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே சமாளிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் அரசாங்கம் கட்டித்தராதா என்று கேட்பீர்கள். சிக்கல் நிலத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்றது. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் ஓரத்திலோ கோயில் பக்கத்திலோ ஒரு கொட்டகை போட்டார்கள், பள்ளி வந்தது. நிலம் முதலாளி பெயரிலேயே இருந்தது. நாடு விடுதலை பெற்று, தேசிய வகைப் பள்ளி என்று பெயர் மாறிய பிறகும் பல பள்ளிகளுக்கு நிலம் கைமாறவில்லை. அரசாங்க நிலத்தில் இருந்தால் முழு உதவி, தனியார் நிலத்தில் இருந்தால் பகுதி உதவி. ஆசிரியர் சம்பளம் இரண்டுக்கும் அரசாங்கம்தான் தருகிறது, பாடத்திட்டமும் ஒன்றே. ஆனால் கூரை ஒழுகினாலும் கூடுதல் வகுப்பறை வேண்டுமென்றாலும், பகுதி உதவிப் பள்ளியின் மேலாளர் வாரியமும் பெற்றோரும்தான் வாசல் வாசலாக ஏறி இறங்க வேண்டும். மானியம் வராமல் இல்லை. ஆனால் இந்த ஆண்டு வந்தது அடுத்த ஆண்டும் வரும் என்று நம்பிக் கட்டடத்துக்குக் கடைக்கால் போட முடியாது.

ரப்பர் போய்த் தாமான்கள் என்ற குடியிருப்புகள் வந்த பிறகும் தோட்டப் பெயரோடு நகரத்துக்குள் நிற்கும் பள்ளிகள் உண்டு. கெப்போங் பக்கம் எடின்பர்க், தெற்கே புக்கிட் ஜாலில். எங்களுடையதும் அந்த வழியில் வந்த பகுதி உதவிப் பள்ளிதான். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. அவற்றிலும் 150 பிள்ளைகள்கூட இல்லாத, குறைந்த மாணவர் பள்ளிகள் என்று அமைச்சு வகைப்படுத்துபவை நிறைய. எங்கள் பள்ளியில் கூட்டம் கூடுகிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு முழுதாக மகிழ முடிவதில்லை. பேராவிலும் பகாங்கிலும் நெகிரி செம்பிலானிலும் தோட்டத்தை விட்டு வேலைக்காக இங்கே வந்த இளம் குடும்பங்களின் பிள்ளைகள்தான் இவர்கள். அங்கே ஒரு பள்ளியில் வகுப்பு காலியாகிறது, இங்கே ஒரு வகுப்பில் நாற்காலி போதவில்லை. வந்த இடத்திலும் அவர்கள் தமிழ்ப்பள்ளியைத் தேடி வருகிறார்களே, அந்த நம்பிக்கைக்கு நாம் கொடுப்பது பலகை அடித்த அரை வகுப்பறையா? எனக்கு இதில் கோபம் உண்டு.

இனிப் பிள்ளைகளைப் பற்றி. ஆறாம் ஆண்டு முடிவில் யூ.பி.எஸ்.ஆர். என்ற அரசுத் தேர்வு இருந்த காலத்தில் பள்ளி வாசலில் பதாகை கட்டுவோம்: ஏழு தாளிலும் ஏ, அதாவது 7ஏ எடுத்தவர்களின் படம், 2016 முதல் 8ஏ. 2020இல் கோவிட் வந்து தேர்வு நடக்கவில்லை. 2021இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். இப்போது வகுப்பறை மதிப்பீடு, ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை. பதாகையில் போட ஏ இல்லாததால் போட்டிப் பதக்கங்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. செந்தமிழ் விழாவில் கதை சொல்லும் பிள்ளையையும், காற்பந்துத் திடலில் ஓடும் பிள்ளையையும் ஊர் கவனிக்கிறது. இது நல்ல மாற்றம். எனக்குப் பிடிக்காத ஒன்றும் கூடவே வந்திருக்கிறது: கட்டணம் கட்டி, காணொளி அனுப்பினால், கலந்துகொண்டவரில் பெரும்பாலோருக்குத் தங்கம் தரும் இயங்கலைப் போட்டிகள். அதற்குப் பெற்றோர் காசைக் கொட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அஸ்தி என்று நாம் சொல்லும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க இயக்கம் தமிழ்ப்பள்ளிகளுக்கு நடத்தும் அறிவியல் விழா வேறு ரகம். நடுவர் எதிரே நின்று, எதை மாற்றினாய், எதை மாற்றாமல் வைத்தாய், ஏன் என்று கேட்பார். மனப்பாடம் அங்கே எடுபடாது.

எங்கள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் மூவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, சிற்றுண்டிச்சாலை எண்ணெய். பாத்திரம் கழுவும் தண்ணீரோடு எண்ணெய் கால்வாய்க்குப் போகிறது. எந்தக் கழிவுப்பொருள் அதை நன்றாக உறிஞ்சும்? தேங்காய் நார், மரத்தூள், கரும்புச் சக்கை. சக்கையைச் சாலையோரக் கரும்புச்சாற்றுக் கடைக்காரர் சும்மாவே கொடுத்தார். பொருளின் வகை தற்சார்பு மாறி, உறிஞ்சிய எண்ணெயின் எடை சார்பு மாறி, தண்ணீரின் அளவும் ஊறும் நேரமும் கட்டுப்படுத்தப்பட்டவை. நோட்டில் அழகாகக் கோடு போட்டு எழுதியிருந்தார்கள்.

செய்த இடம் இரண்டாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பம். வேறு இடம் கிடைக்கவில்லை. கேக் செய்பவர்கள் வைத்திருக்கும் சின்ன மின்தராசு, ஒரு பழைய மேசை. யாராவது படியேறினால் எண் ஆடும். காற்றடித்தாலும் ஆடும். 12.4, 12.9, 12.1 என்று ஓடிக்கொண்டே இருக்கும். குழுவில் இரட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி, மைலோ அட்டைப்பெட்டியில் ஒரு பக்கத்தை வெட்டித் தராசின் மேல் கவிழ்த்தாள். தராசுக்கு அடியில் நாலு மூலையிலும் அழிப்பான் துண்டு வைத்தாள். மணி அடித்து, எல்லாரும் வகுப்புக்குள் போய்ப் படி அடங்கும்வரை காத்திருந்து எண்ணைக் குறித்தாள். ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை நிறுத்துச் சராசரி எடுத்தாள். டீச்சர் சொல்லிக் கொடுத்தாரா என்று கேட்டேன். "இல்ல ஆண்டி, ஒரு தடவ மட்டும் நிறுத்தா அது பொய் சொல்லுது" என்றாள். ஒருநாள் மழைச்சாரல் அடித்து மாதிரிகள் எல்லாம் நனைந்துவிட்டன. மறுபடி முதலிலிருந்து செய்தார்கள். அடுத்த சுற்றுக்குத் தேர்வும் ஆனார்கள்.

அந்தத் தராசைப் பார்த்த கையோடுதான் அறிவியல் கூடத்துக்கான பட்டியலை எழுதினேன். சுவரோடு சேர்த்துக் கட்டிய கான்கிரீட் மேடை, மேலே ஓடு. மர மேசைபோல ஆடாது. கழுவுதொட்டி அறையின் இரண்டு பக்கமும் வேண்டும், ஒரே குழாய் என்றால் வகுப்பு முழுக்க அங்கேதான் நிற்கும். மின்விசிறிக்கு வரிசைக்கு ஒரு சுவிட்ச், தராசுக்கு மேலே இருப்பதை மட்டும் அணைக்க. பூட்டு போட்ட அலமாரி, அதுவும் அகலமாக. அவரை முளைக்கவும் ஆணி துருப்பிடிக்கவும் ஒரு பாடவேளை போதாது. பாதியில் நிற்கும் பரிசோதனை ஒரு வாரம் கலையாமல் இருக்க ஓர் இடம் வேண்டும். இதெல்லாம் பெரிய செலவே இல்லை, வரைபடத்திலேயே போட்டுவிட்டால். கட்டி முடித்த பிறகு சுவரை உடைத்துக் குழாய் பதிப்பதுதான் செலவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது பாடமொழி தமிழிலிருந்து மலாய்க்கு மாறிவிடுகிறது. முதல் ஆண்டு சொற்களோடு மல்லுக்கட்டியே பலருக்குப் போய்விடுகிறது. தமிழில் படித்த அறிவியலை வாயால் மட்டும் படித்திருந்தால் அந்த இடத்தில் கை நழுவும். கையால் செய்து, நிறுத்து, அளந்து பார்த்தது எந்த மொழிக்குப் போனாலும் கூடவே வரும். அறிவியல் கூடத்தை மண்டபத்துக்கு முன்னால் வைக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மேலாளர் வாரியத் தலைவர் எழுபதைத் தாண்டியவர். இதே பள்ளியில் படித்தவர். இப்போதுள்ள கட்டடத்துக்காக வீடு வீடாக நிதி திரட்டியவர். "ஏம்மா, மண்டபம் இல்லாம பள்ளிக்கூடமா? பொங்கல் வைக்கணும், பரிசளிப்பு நடத்தணும். மழ பேஞ்சா சபைகூடலுக்கு எங்க போறது? கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டாப் பராமரிப்புக் காசும் வந்துரும்" என்றார். அவர் சொன்ன தேவைகள் ஒவ்வொன்றும் உண்மை. "ஐயா, கீழ்த்தளத்தத் தூணோட திறந்து விட்டுருவோம். சபைகூடலும் பொங்கலும் அங்க நடக்கட்டும். சுவரும் குளிர்சாதனமும் இல்லாததால செலவு பாதியா கொறையும்" என்றேன். கல்யாண வாடகைக்குக் காவலாளி, துப்புரவு, கார் நிறுத்துமிடம், மின்கட்டணம் எல்லாம் கழித்து மிஞ்சுவதைக் கணக்குப் போட்டும் காட்டினேன். அவர் முகம் மாறவில்லை.

பிறகு ஒருநாள் அவரைப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு அழைத்துப் போனேன். பிள்ளைகள் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். "தாத்தா, கொஞ்சம் நில்லுங்க, நீங்க நடந்தா எண் ஆடுது" என்றான் ஒரு பையன். கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். எண் நின்று, அவன் எழுதி முடித்து, "சரி தாத்தா" என்ற பிறகுதான் அடுத்த படியில் கால் வைத்தார். அடுத்த கூட்டத்தில் அறிவியல் கூடம் முதல் கட்டத்தில் சேர்ந்தது. மண்டபத்தை அவர் விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். கீழ்த்தளத்தின் ஓரத்தில் இரண்டு படி உயரத்துக்கு மேடை கேட்கிறார். கட்டடக் கலைஞரிடம் சொல்லியிருக்கிறோம்.

நன்கொடையாளர்களிடம் சொல்லிப் புரியவைக்கச் சிரமமான விஷயம், மண். கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. பத்துமலையில் மேலே தெரிவது இங்கே பூமிக்குள். உள்ளே பொந்தும் குகையும் இருக்கும். ஒரு மூலையில் சில மீட்டரிலேயே பாறை தட்டும், மறு மூலையில் துளைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தையே முதலில் குறித்த இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளித்தான் கட்டினார்கள், அடியில் பாறை சரிந்து இறங்கியதால். பள்ளிக் கட்டடத்துக்கு அவ்வளவு ஆழம் வேண்டாம்தான். ஆனால் மண் பரிசோதனை செய்யாமல் எந்தக் குத்தகையாளர் விலை சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். வகுப்பறைக்குப் பெற்றோர் பெயர் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. பைலிங், அதாவது கடைக்காலுக்காக மண்ணுக்குள் தூண் இறக்கும் வேலையின் செலவை ஏற்கிறேன் என்று இதுவரை ஒருவரும் வரவில்லை. மண்ணுக்குள் போவதுதான் முதல் செலவு. அது தேறாமல் மேலே எதுவும் எழும்பாது.

கட்டினால் மட்டும் போதாது. மாநகர் மன்ற அனுமதி, தீயணைப்புத் துறையின் ஒப்புதல், கடைசியில் சி.சி.சி. என்ற, கட்டடம் விதிப்படி முடிந்தது என்னும் சான்றிதழ். 2007 முதல் அந்தச் சான்றிதழில் கையெழுத்திடுவது பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர், பொறியாளர் போன்ற வல்லுநர்தான். அது கையில் வராமல் ஒரு பிள்ளையைக்கூட உள்ளே உட்கார வைக்கக் கூடாது. பாதியில் காசு தீர்ந்து, கம்பி துருப்பிடித்து நிற்கும் கட்டடங்களை வேலை நிமித்தம் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான், கையில் உள்ள பணத்தில் முழுதாக முடித்துச் சான்றிதழ் வாங்கக்கூடிய அளவுக்கே முதல் கட்டம் இருக்கட்டும் என்கிறேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வரைபடத்தைச் சுவரில் ஒட்டுவோம். வருபவர்கள் பெண்பிள்ளைகள் கழிப்பறையையும் முதல் மாடி அறிவியல் கூடத்தையும் முதலில் பாருங்கள். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் விலக்கு கேட்டு விண்ணப்பிக்கிறோம். வரிக்கழிவு வேண்டும் என்பவர்கள் அந்த அனுமதி வந்த பிறகு நன்கொடை கொடுங்கள். மின்வேலை, குழாய்வேலை தெரிந்த பெற்றோர் இப்போதே பெயர் தாருங்கள், வரைபடத்தைச் சரிபார்க்க உங்கள் கண் வேண்டும். ஆசிரியர்கள் தங்கள் பாடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று இந்த வாரத்துக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கான்கிரீட் ஊற்றிய பிறகு கேட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.