டிஸ்சார்ஜ் சம்மரியில் கிளி இல்லை

"வீட்டில பறவை ஏதாவது வளர்க்கிறீங்களா?" என்று கேட்டதும் அந்த அம்மா முதலில் கணவரைப் பார்த்தார். பிறகுதான் "இல்லீங்க மேடம்" என்றார்.

நான் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருக்கு நிமோனியாவோடு கடும் தலைவலி. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. அத்தனை காய்ச்சலுக்கு நாடி ஏறவும் இல்லை. கிளிக்காய்ச்சல் என்கிற சிட்டகோசிஸ் நினைவுக்கு வந்தது. கிளி, புறா, லவ் பேர்ட்ஸின் காய்ந்த எச்சம் தூளாகி மூச்சில் போனாலே தொற்றிவிடும். பறவை பார்க்க நன்றாகவே இருக்கும். கிளமிடியா வகைக் கிருமி என்பதால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்தான் சரியாக வேலை செய்யும்.

அந்த 'இல்லீங்க'வை நம்பாமல் அதையே தொடங்கினேன். சீக்கிரமே காய்ச்சல் விட்டது. அப்புறம் அவரே சொன்னார்: பச்சைக்கிளி, பல வருடமாக இருக்கிறது, கூண்டைக் கழுவுவது அவர்தான். "கேஸ் ஆயிடுமா மேடம்? பேப்பர்ல எழுதிடாதீங்க."

பச்சைக்கிளி வளர்ப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பயப்படத்தான் செய்வார். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அட்டிபிகல் நிமோனியா', அதாவது வழக்கமான கிருமிகளால் வராத நிமோனியா, என்று மட்டும் எழுதினேன். பொய் இல்லை. கிருமி இதுதான் என்று உறுதிசெய்யும் பிசிஆர் பரிசோதனை எங்களிடம் கிடையாது. டாக்ஸிசைக்ளினுக்கு இன்னொரு நிமோனியா கிருமியான மைக்கோபிளாஸ்மாவும் அடங்கும், உண்ணிக்காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைஃபஸும் அடங்கும். நிரூபிக்காததை எப்படி எழுதுவது?

ஆனால் இப்படித்தானே இந்த நோய் கண்ணில் படாமலே போகிறது? மலிவான மாத்திரையில் குணமாகிறது, யாரும் பரிசோதிப்பதில்லை, அதனால் நம் ஊரில் இல்லை என்றே நினைத்துக்கொள்கிறோம். 1930 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு மருத்துவர், ஒரு குடும்பத்தின் காய்ச்சலையும் அவர்கள் கிறிஸ்துமஸுக்கு வாங்கிய கிளியையும் சேர்த்துப் பார்த்தார். விஷயம் பொது சுகாதாரத் துறைக்குப் போனது. அந்த மாதமே கிளி இறக்குமதிக்குத் தடை வந்தது. 'சந்தேகம்' என்று ஒரு சொல் நானும் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் அவர் மறுபடி என்னிடம் வந்திருப்பாரா என்பதும் சந்தேகம்தான்.

காய்ந்த எச்சத்தைப் பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டுத் துடையுங்கள் என்றேன். கிளியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்த டாக்டரிடம் போனாலும், கிளி இருப்பதை வாயால் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள். நான் நேராகக் கேட்டே சொல்லாதவர்கள். கேட்காத டாக்டரிடம் சொல்வார்களா?