கம்பத்தில் பட்ட பக்

2024 ஜனவரி 1, திங்கள்

மகளின் பனி ஹொக்கிப் பை இன்னும் வாசற்கதவுக்கு அருகிலேயே கிடக்கிறது. அதை நிலக்கீழ் அறைக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். பெண்களுக்கான புதிய தொழில்முறை லீக்கின் முதலாவது ஆட்டம் இன்று ரொறன்ரோவில் நடந்தது, நியூயோர்க் அணி 4-0 என்று வென்றது. இரண்டு தலையணைகளின் மேல் அடிபட்ட காலை வைத்தபடி முழு ஆட்டத்தையும் பார்த்தவள், முடிந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜனவரி 2

ஒட்டாவாவில் நம் மொன்றியல் அணி மேலதிக நேரத்தில் 3-2 என்று வென்றது, பார்க்க வந்தவர்கள் 8,318 பேர். மரி-பிலிப் பூலான் அணித் தலைவியாக முன்னே சறுக்கி வந்தபோது மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

ஜனவரி 5

எம்.ஆர்.ஐ. முடிவு வரவில்லை.

ஜனவரி 9

இரவு வேலை முடிந்து வந்தும் உறக்கம் வரவில்லை. அம்மா காலையில் நல்லெண்ணெய்க் கிண்ணத்துடன் பேத்தியின் அருகில் உட்கார்ந்து, "இந்த விளையாட்டுக்கு ஆர் காசு தருவினம், பிள்ளை?" என்று கேட்டார். மகள் மனப்பாடமாக வைத்திருந்ததுபோல் சொன்னாள்: ஆகக் குறைந்த ஆண்டுச் சம்பளம் 35,000 டொலர், ஒவ்வொரு அணியிலும் ஆறு பேருக்காவது 80,000 டொலருக்குக் குறையாத ஒப்பந்தம், பிள்ளை பெற்றுக்கொள்ளும் காலத்திலும் சம்பளம் உண்டு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் காலையில் வேறொரு வேலைக்குப் போய்விட்டு இரவு ஒன்பது மணிக்குப் பயிற்சிக்கு வந்த பெண்களையெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன். 2017 வரையில் கனடிய மகளிர் லீக் தன் வீராங்கனைகளுக்குச் சம்பளமே தரவில்லை, தரத் தொடங்கிய பின்பும் அது 2,000 முதல் 10,000 டொலர் வரைதான். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கால் கெதியா மாறவேணும்" என்று சொல்லி எண்ணெயைத் தொட்டார். வீக்கத்தின் மேல் தேய்க்கக்கூடாது என்று நான்தான் தடுக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 13

வெர்டன் அரங்கில் நம் அணியின் முதல் உள்ளூர் ஆட்டம். லசாலில் இருக்கும் எங்களுக்கு அது பேருந்தில் போய்வரும் தூரம், டிசம்பரிலேயே வாங்கிய இரண்டு சீட்டுகளும் கையில் இருந்தன. ஊன்றுகோலுடன் அங்கே வரமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டதால், சீட்டுகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 24

முழங்காலுக்குள் குறுக்காகப் போகும் தசைநார் முற்றாக அறுந்திருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பெயரைப் பதிந்திருக்கிறார்களாம், திகதியைத் தொலைபேசியில் சொல்வார்களாம். அதன் பிறகு மீண்டும் விளையாட ஒன்பது மாதமாவது செல்லும். பதினேழு வயதில் ஒன்பது மாதம் என்பது பல்கலைக்கழக அணிகளின் பயிற்றுநர்கள் வந்து பார்க்கும் ஒரு முழுப் பருவம்.

ஜனவரி 25

பையைத் திறந்து பார்த்தேன். வியர்வை நாற்றம் முகத்தில் அடித்தது. கையுறைகள் காய்ந்து விறைத்து, அவளுடைய விரல்கள் மடங்கியிருந்தபடியே மடங்கிக் கிடந்தன. சறுக்குக் காலணியின் இரும்பு விளிம்பில் துருப்பொட்டுகள் இரண்டு. துணியால் துடைத்து, உலர்ந்த உறை போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

பெப்ரவரி 16

ரொறன்ரோவின் பெரிய அரங்கில் 19,285 பேர். நாங்கள் 3-0 என்று தோற்றோம். தோற்றும்கூட மகள் அந்த எண்ணிக்கையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெப்ரவரி 20

இன்றோடு பத்து ஆண்டுகள். 2014இல் இதே நாளில் சோச்சி ஒலிம்பிக் இறுதியாட்டம் நடந்தபோது, மகளுக்குக் காய்ச்சல் என்பதால் இருவரும் வீட்டில் இருந்தோம், அவளுக்கு ஏழு வயது. அமெரிக்கா 2-0 என்று முன்னணியில் இருந்தது, இனி என்ன இருக்கிறது என்று நான் கஞ்சி வைக்கச் சமையலறைக்குப் போய்விட்டேன். மூன்றரை நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கையில் பிரியான் ஜென்னர் ஒன்றைப் போட்டார். கோல்காப்பாளரையும் வெளியே அழைத்துவிட்டு கனடா ஆறாவது ஆட்டக்காரியை இறக்கியிருந்தபோது, அமெரிக்காவின் கெலி ஸ்டாக் தொலைவிலிருந்து வெறும் கோலை நோக்கி அடித்த பக், அந்த ரப்பர் வட்டு, மெதுவாக, மிக மெதுவாகப் பனியில் வழுக்கிப் போய்க் கம்பத்தில் பட்டு நின்றது. ஓர் உள்ளங்கை அகலம் உள்ளே போயிருந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். மீதி 55 நொடி இருக்கும்போது பூலான் சமன் செய்தார். மேலதிக நேரத்தில் வேகமாக முன்னேறிய கனடாவின் ஹேலி விக்கன்ஹைசரைத் தடுத்ததற்காக அமெரிக்காவின் ஹிலரி நைட் தண்டனை பெற்று வெளியேறியிருக்க, பூலானே மீண்டும் அடித்து வென்றார். நான் ஓடிவந்தபோது மகள் கட்டிலின் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தாள், கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அந்தக் கம்பத்தைப் பிறகு எத்தனை முறை காணொளியில் பார்த்திருப்பேனோ தெரியாது. இன்றும் பார்த்தேன்.

பெப்ரவரி 21

தொலைபேசி வரவில்லை.

மார்ச் 8

நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு பேசிய பெண், பட்டியலில் பெயர் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பட்டியலில் எத்தனையாவது என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாதாம். அவரிடம் குரலை உயர்த்தியது தவறு, அவர் என்ன செய்வார்.

மார்ச் 28

இன்று பூலானுக்கு 33 வயது. போஸ்வில் என்ற சிறிய ஊரில் வளர்ந்து, பதினாறு வயதிலேயே மொன்றியல் ஸ்டார்ஸ் அணியில் ஆடி, பதினெட்டு வயதில் 2010 வன்கூவர் ஒலிம்பிக் இறுதியாட்டத்தின் இரண்டு கோல்களையும் அடித்தவர். 2018இல் வெள்ளிப் பதக்கம், 2022இல் பெய்ஜிங்கில் மீண்டும் தங்கம். நான்கு ஒலிம்பிக் இறுதியாட்டங்களிலும் கோல் அடித்த வேறொருவர் ஆண்களிலும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு 28 வயது நிறைந்து மூன்றே நாளில், 2019 மார்ச் 31 அன்று, அவர் ஆடிய லீக் மூடப்படுவதாக அறிவித்தார்கள். அன்று நான் மகளிடம், "பார்த்தியே, இதை நம்பி இருக்கேலாது" என்று சொன்னேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பதில் சொல்லாமல் போய்த் தன் தடியின் நுனிக்குப் புதிய ரேப் சுற்றத் தொடங்கினாள், ஒரு மடிப்புக்கூட விழாமல், நிதானமாக. அதற்குப் பிறகு நான்கு பருவங்கள் பூலானுக்கு நிலையான லீக் என்று ஒன்று இல்லை, ஆனாலும் அவர் பயிற்சியை விடவில்லை. நான் அன்று சொன்னது தவறு. இதை அவளிடம் நேரே சொல்ல வேண்டும்.

மார்ச் 29

சொன்னேன். "எனக்கு ஞாபகமே இல்லையம்மா" என்றாள். ஞாபகம் இருக்கிறது, அவள் கண்ணில் தெரிந்தது.

ஏப்ரல் 20, சனி

மொன்றியலின் பெல் சென்டர் அரங்கில் இன்று 21,105 பேர். பெண்கள் ஹொக்கியைப் பார்க்க உலகில் எங்கும் இத்தனை பேர் கூடியதில்லை. அவர்களில் நாங்கள் மூவர்: ஊன்றுகோலை விட்டுவிட்டு முழங்காலுறையுடன் மகள், நான், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்ட அம்மா. சூடேற்றும் பயிற்சியின்போது பூலான் எங்கள் பக்கத்துக் கண்ணாடியை ஒட்டிச் சறுக்கிப் போனார், இரும்பு பனியைச் சீவும் ஓசை எங்கள் வரிசைவரை கேட்டது. மகள் என் கையைப் பிடித்தாள். அவளுடைய வலதுகால் தன்னையறியாமல் சறுக்குவதுபோல் நிலத்தை மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து, "எங்கட பிள்ளை எந்தப் பக்கம் நிண்டு ஆடுறவள்?" என்று கேட்டார். இடப்பக்கம் என்று காட்டினேன். ஆட்டம் முடியும்வரை அம்மா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 22

காலை 8.10க்குத் தொலைபேசி வந்தது. மே 7. மகள் பையைத் தானே நிலக்கீழ் அறைக்கு இறக்கினாள், ஒவ்வொரு படியாக.