சத்தம் வருவதற்கு முன்பே திரும்பிய கேமரா

மூன்று மாதமாக ஓர் எட்டு நிமிடப் பேய்ப்படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபவுண்ட் ஃபுட்டேஜ் வகை. யாரோ எடுத்துவைத்த வீடியோ பிற்பாடு நம் கையில் சிக்கியது போன்ற பாவனை. முதல் இரண்டு முயற்சியும் தேறவில்லை. மூன்றாவதில் ஏதோ பிடிபட்டிருக்கிறது. மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

கதை சின்னது. தாத்தாவின் வீட்டை விற்கப்போகிறார்கள். பேரன் தன் நண்பனோடு போய், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்புவதற்காக அறை அறையாக போனில் வீடியோ எடுக்கிறான். பூட்டிக் கிடக்கும் மாடியில் யாரோ நடக்கிறார்கள். படம் எடுக்க உறவினர் ஒருவரின் காலி வீடு கிடைத்தது. நடிக்க அத்தை மகனும் என் நண்பனும்.

முதல் தடவை எல்லா வசனத்தையும் எழுதிக்கொடுத்து ஒரே மாலையில் எடுத்தேன். போட்டுப் பார்த்தால் பயமே வரவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை, அக்காதான் சொன்னாள்: "சத்தம் வர்றதுக்கு முன்னாடியே கேமரா திரும்பிடுதுடா." ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தேன். சமையலறையில் பாத்திரம் விழுவதற்கு அரை நொடி முன்னாலேயே போன் அந்தப் பக்கம் நகர்கிறது. பிடித்திருந்தவனுக்கு அது விழப்போவது தெரியும், அதனால். நான் செய்தது அதைவிட மோசம். இருவரும் படியேறுவதை மேலே நின்று ஒரு ஷாட் எடுத்துச் சேர்த்திருந்தேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேரும் ஒரு போனும். மேலிருந்து எடுத்தது யார்?

அப்புறம்தான் 1999இல் வெளிவந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' என்ற இதே வகைப் பேய்ப்படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதை உட்கார்ந்து படித்தேன். அதை இயக்கிய டேனியல் மைரிக், எட்வார்டோ சான்செஸ் இருவரும் 1997 அக்டோபரில் மூன்று நடிகர்களை அமெரிக்காவின் மேரிலாந்து காட்டுக்குள் எட்டு நாள் விட்டுவிட்டார்கள். கேமராவைப் பிடித்ததும் அந்த நடிகர்களேதான். ராத்திரி கூடாரத்தைப் பிடித்து உலுக்கினால் உள்ளே இருப்பவர்களுக்கு அது வரப்போவது முன்கூட்டித் தெரியாது. அந்தப் பதற்றத்தை நடித்துக் கொண்டுவர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, நாமும் எதையும் சொல்லாமல் விடுவோம் என்று இரண்டாவது தடவை இறங்கினேன். நாற்பது நிமிடம் எடுத்ததில் ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை. இருவரும் சும்மா வீட்டைச் சுற்றினார்கள், சிரித்தார்கள், பேச்சு எங்கும் போய்ச் சேரவில்லை. நான் கவனிக்காமல் விட்டது வேறொன்று. அந்தக் காட்டில் ஒவ்வொரு நடிகருக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதி, பிலிம் டப்பாவில் போட்டு வைத்தார்கள். ஒருவருடையதை மற்றவர் பார்க்கக் கூடாது. என்ன நடக்கும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. தனக்கு என்ன வேண்டும் என்பது தெரியும்.

மூன்றாவது தடவை இரண்டு சீட்டு எழுதினேன். அத்தை மகனுக்கு: 'ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டும், மாடியை விட்டுவிடக் கூடாது.' நண்பனுக்கு: 'உள்ளே வந்ததிலிருந்து மாடியில் ஏதோ கேட்கிறது, ஆனால் வாய்விட்டுச் சொல்லாதே.' என் மாமா மாடியில் இருப்பது இருவருக்குமே தெரியாது. படி, கைப்பிடி எல்லாம் முன்னாடியே சரிபார்த்துவிட்டு, யாராவது 'போதும்' என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துவது என்று பேசிவைத்துக்கொண்டோம். முதல் காலடிச் சத்தம் கேட்டதும் கேமரா தப்பான பக்கம் திரும்பியது! ஜன்னலைக் காட்டி, சுவரைக் காட்டி, கடைசியில்தான் படிக்கட்டுக்கு வந்தது. அந்த நான்கு நொடிதான் இதுவரை எடுத்ததிலேயே நல்ல இடம்.

ராத்திரி தூங்கும் காட்சிக்கு 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யிடம் பாடம் கேட்டேன். ஓரன் பெலி சுமார் 15,000 டாலரில், தன் சொந்த வீட்டிலேயே ஏழு நாளில் எடுத்த படம். அதில் ராத்திரிப் படுக்கையறைக் காட்சிகளில் கேமரா அசையவே அசையாது. கட்டில் ஒரு பக்கம், திறந்த கதவு மறுபக்கம். நான் முதலில் கதவை நடுவில் வைத்தேன், பார்ப்பவர் கதவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். ஓரத்துக்குத் தள்ளியதும் கண் தூங்குகிறவனுக்கும் கதவுக்கும் இடையே அலைய ஆரம்பித்தது. எதுவும் நடக்காமல் நாற்பது நொடி விட்டேன். குறைத்தால் பயம் சேரவில்லை.

சத்தத்தில் நிறைய நேரம் போனது. முதல் தடவை திகில் இசை சேர்த்திருந்தேன். யாரோ விட்டுப்போன வீடியோவில் இசையை யார் சேர்த்தது என்ற கேள்வி வந்ததும் எடுத்துவிட்டேன். போன் மைக் அமைதியான இடத்தில் தானாகவே சத்தத்தைக் கூட்டிக்கொள்ளும், அதனால் ஓர் இரைச்சல் எழும்பும். அதை நீக்கப் பார்த்து, பிறகு அப்படியே வைத்துக்கொண்டேன். மின்விசிறி ஓடும் ஓசையைத் தனியாக இரண்டு நிமிடம் பதிவு செய்து எல்லாக் காட்சிக்கும் அடியில் போட்டேன். அது நிற்கும் இடத்தில் பார்ப்பவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இன்னும் தீராதது கடைசி நிமிடம்தான். உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் ஏன் இன்னமும் படம் எடுக்கிறான்? இந்த வகைப் படங்களில் பாதி இங்கேதான் விழுகின்றன என்பது என் எண்ணம். போன வாரம் ஒரு வழி தோன்றியது. மாடிக்குப் போனதும் கரண்ட் போகட்டும். வீடியோ ஓடும்போதே அவன் போனின் டார்ச்சைப் போடுகிறான். இனி அவன் கையில் இருக்கும் ஒரே வெளிச்சம் அதுதான், கீழே போட்டால் படி தெரியாது. வரும் ஞாயிறு அதை எடுக்கிறோம். மெயின் சுவிட்சை அணைக்கப்போவது மாமா, எப்போது என்று எனக்கும் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறேன்.