உப்புத் தெருவில் ஒரு பழைய மியாட்டா

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் ஒரேயொரு காரை நிறுத்துவதற்குத்தான் இடம் உண்டு. அந்த இடத்தில் நிற்பது 1994ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5. வட அமெரிக்காவில் எல்லோரும் அதை மியாட்டா என்றே அழைக்கிறார்கள். இரண்டே இருக்கைகள், மடிக்கக்கூடிய துணிக்கூரை, பின்சில்லுகளை மட்டும் சுழற்றும் எஞ்சின், ஒரு தொன்னை ஒட்டிய எடை. இத்தகைய காரை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒக்ரோபர் முடிவில் அதற்குப் போர்வை போர்த்தி, பற்றறியைக் கழற்றி, ஏப்ரல் வரை கராஜில் உறங்க விடுவார்கள். எனக்குக் கராஜும் இல்லை, இரண்டாவது காரும் இல்லை. ஆகவே 2017 இலையுதிர்காலத்தில் இதை வாங்கியதிலிருந்து எட்டுக் குளிர்காலங்களாக, பனி கொட்டினாலும் உறைமழை பெய்தாலும், இதிலேயே வேலைக்குச் சென்று வருகிறேன். கார் இன்னும் உறுதியாக நிற்கிறது. அதை அப்படி நிறுத்தி வைக்க நான் கற்றுக்கொண்டவற்றை, இதே வகைக் காரை வைத்துக்கொண்டு குளிர்காலத்தைக் கண்டு அஞ்சுபவர்களுக்காக எழுதுகிறேன். நூல்களில் துரு என்று எழுதுவார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் வாயில் வருவது கறல் என்ற சொல்தான் என்பதால், இங்கும் அதையே கையாள்கிறேன்.

வெண்பனியால் காருக்குப் பெரிய தீங்கு இல்லை. தீங்கு செய்வது, அந்தப் பனியைக் கரைக்கத் தெருவில் கொட்டப்படும் உப்பு. ஹியூறன் ஏரிக்கு அடியில், ஏறத்தாழ 550 மீற்றர் ஆழத்தில், கொட்ரிச் என்ற ஊரில் உலகின் மிகப்பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. ஒன்ராறியோவின் தெருக்களில் விழும் உப்பில் கணிசமான பங்கு அங்கிருந்து வெட்டியெடுக்கப்படுவதுதான். பனிப்பொழிவுக்கு முன்னதாகவே உப்புநீரைத் தெளித்துவிட்டுப் போகும் வழக்கமும் உண்டு. வானம் தெளிவாக இருக்கும் நாளில் சாலையின் நீளத்துக்கு வெள்ளைக் கோடுகள் இணையிணையாக ஓடுவதைக் கண்டால், மறுநாள் பனி வருகிறது என்று அறிந்துகொள்ளலாம். இரும்பும் நீரும் ஒட்சிசனும் சேர்ந்தாலே கறல் பிடிக்கும் என்றாலும், உப்புக் கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதால் அந்த வேதிவினை பன்மடங்கு விரைவாக நடக்கிறது. அதோடு, உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் தன்பால் இழுத்துக்கொள்ளும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்போது தானாகவே கசிந்து நீராகிவிடும். கடுங்குளிர் நாட்களில் பயன்படுத்தப்படும் கல்சியம் குளோரைட்டுக்கோ சுமார் 30 சதவீதமே போதும். அதனால் வெளியே உலர்ந்து தோன்றும் காரின் அடிப்பகுதியில், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஈரப்படலம் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கிறது.

இதிலிருந்து பலரும் எதிர்பாராத ஒரு முடிவு வருகிறது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையைத் தொடும் ஜனவரி வாரங்கள்தாம் தகரத்துக்குப் பாதுகாப்பானவை, ஏனெனில் அந்தக் குளிரில் வேதிவினை ஏறக்குறைய முடங்கிவிடுகிறது. ஆபத்தான மாதம் மார்ச். பகலில் உருகி இரவில் உறையும் அந்த மாதத்தில் உப்புநீர் ஒவ்வொரு பொருத்துக்குள்ளும் ஊர்ந்து செல்கிறது. இதே காரணத்தால்தான், உப்புச் சேற்றோடு வரும் காரை ஒவ்வொரு மாலையும் வெப்பமூட்டிய நிலத்தடித் தரிப்பிடத்தில் விடுவதை நான் விரும்புவதில்லை. நண்பர்கள் சிலர் அதைக் காருக்குச் செய்யும் உபசாரமாக எண்ணுகிறார்கள். என் பார்வையில், வெளியே குளிரில் நிற்கும் கார் அதைவிட நெடுநாள் வாழும்.

மியாட்டாவின் மென்மையான இடம் எது என்பதை நான் அறிந்துகொண்டது முதல் குளிர்காலம் முடிந்த பிறகுதான். காரை வாங்கியபோது அதன் அடிப்பகுதி முழுவதும் கறுப்பாக, புதிதுபோல, இறப்பர் பூச்சால் மூடப்பட்டிருந்ததைக் கண்டு நான் மகிழ்ந்தேன். 2018 ஏப்ரலில், இடது பின்சில்லுக்குச் சற்று முன்னே, கதவுக்குக் கீழே செல்லும் தகரப் பெட்டியை விரலால் அழுத்தியபோது அது நனைந்த அட்டையைப் போல உள்ளே போயிற்று. இங்கே ரொக்கர் பனல் என்று அழைக்கப்படும் அந்தப் பெட்டி, வெறும் அலங்காரத் தகரம் அல்ல. இரும்புக் கூரை இல்லாத காரில், முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்து நிற்கும் முதுகெலும்பில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. வெல்டிங் செய்பவர் அதை வெட்டித் திறந்தபோது, உள்ளேயிருந்து மக்கிய இலையும் கரிய சேறும் கைப்பிடி கைப்பிடியாக வந்தன. கறல் வெளியேயிருந்து உள்ளே தின்னவில்லை. உள்ளேயிருந்து வெளியே தின்றிருந்தது. இறப்பர் பூச்சு அதைத் தடுக்காததோடு, ஈரத்தை அடைத்து வைத்து, நடந்துகொண்டிருந்த சிதைவை என் கண்ணிலிருந்தும் மறைத்திருந்தது.

அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்பதே இதன் திறவுகோல். துணிக்கூரையில் விழும் மழைநீரை, கூரையின் பின்விளிம்போடு ஓடும் ஒரு வாய்க்கால் ஏந்திக்கொண்டு, இரண்டு பக்கமும் இருக்கைப்பட்டிக் கோபுரத்தின், அதாவது இருக்கைப்பட்டி பொருத்தப்பட்டிருக்கும் சிறு தூணின், பின்னேயுள்ள துளைகளுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது குழாய் வழியே இறங்கிப் பின்சில்லுக்கு முன்னால் நிலத்தில் வடிய வேண்டும். இலைத் துணுக்குகளும் தூசும் அந்த வழியை அடைத்துவிட்டால், நீர் வேறு வழி தேடி, ஒன்றில் இருக்கைக்குப் பின்னேயுள்ள விரிப்பில் ஊறும், அல்லது நேராக ரொக்கர் பனலுக்குள் இறங்கித் தேங்கும். முன்பக்கத்திலும் இதே கதைதான்: முன்சில்லுக்குப் பின்னால், பிளாஸ்ரிக் மறைப்புக்கும் தகரத்துக்கும் இடையில் ஈர மண் சேர்ந்து, பெட்டியின் முன்முனையை அரிக்கிறது. 1998இல் வந்த இரண்டாம் தலைமுறை மியாட்டாவில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. முன்பக்கச் சட்டங்களின் உள்ளே இரட்டைத் தகரம் வைத்து வலுப்படுத்தியிருக்கிறார்கள், அந்த இரண்டு தகரங்களுக்கு நடுவே ஈரம் சிக்கிக்கொண்டால் மீள்வதில்லை. அந்தத் தலைமுறையை வாங்க நினைப்பவர், வேறு எதையும் பார்ப்பதற்கு முன், காரை உயர்த்தி அந்தச் சட்டங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

வெட்டிய தகரத்தின் அருகே நின்றபோது எனக்கு அப்பாவின் மொறிஸ் மைனர் நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், பெற்றோல் சில துளி விட்டு முடுக்கி, மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் அதுவும் ஒன்று. எங்கள் வீடு கடற்கரைக்கு அருகில் இருந்தது. காற்றே உப்பாக இருக்கும். மாரி ஓய்ந்து தை பிறந்ததும், அப்பா கால்விரிப்புகளைக் கழற்றி, கதவுகளை எல்லாம் அகலத் திறந்து, ஒரு நாள் முழுவதும் காரை வெயிலில் விடுவார். கதவுகளின் அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகளை ஈர்க்கால் குத்தித் துப்புரவாக்கும் வேலை எனக்குத் தரப்படும். ‘தண்ணி நிக்கிற இடத்தைப் பார் தம்பி’ என்பார். அந்த வேலையின் பொருள் எனக்கு ஸ்காபரோவில்தான் விளங்கியது.

இப்போது ஒவ்வொரு ஒக்ரோபரிலும் முதலில் வடிகால்களைப் பார்க்கிறேன். கூரையை மூடிவிட்டு, உள்ளேயிருந்து இருக்கைப்பட்டிக் கோபுரத்துக்குப் பின்னால் உள்ள துளையில் அரை லீற்றர் தண்ணீரை மெதுவாக ஊற்றுவேன். பின்சில்லுக்கு முன்னே அது தாராளமாக ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால், புல் வெட்டும் கருவிக்குரிய தடித்த நைலோன் நூலை உள்ளே செலுத்தி, பொறுமையாகத் திருகி அடைப்பை எடுக்க வேண்டும். இரும்புக் கம்பியும் அழுத்தக் காற்றும் வேண்டாம். குழாய் கிழிந்தாலோ கழன்றாலோ நீர் முழுவதும் பெட்டிக்குள்தான் போகும். பிறகு முன்சில்லுகளின் மறைப்புகளைக் கழற்றி மண்ணைக் கழுவுவேன்; கதவுகளுக்கும் ரொக்கர் பனலுக்கும் அடியிலுள்ள துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவேன். ஒரு பிற்பகல் போதும். இந்த ஒரு பிற்பகல், நான் பணம் கொடுத்துச் செய்யும் எல்லாப் பாதுகாப்பையும்விடப் பயனுள்ளது என்று உறுதியாக நம்புகிறேன்.

அதன்பின் எண்ணெய். காரின் அடிப்பகுதி நன்கு உலர்ந்திருக்கும் நாளில், ஆட்டு உரோமத்திலிருந்து கிடைக்கும் கொழுப்பான லனோலின் கலந்த பூச்சைத் தெளிக்கிறேன். ரொக்கர் பனலின் உட்புறத்துக்கு, எல்லாத் திசையிலும் சிதறும் முனையுள்ள மெல்லிய நீண்ட குழாய் அவசியம். அதை உள்ளே முழு நீளத்துக்குச் செலுத்தி, விசையை அழுத்தியபடியே மெல்ல வெளியே இழுக்க வேண்டும். மெழுகுப் பூச்சு பல ஆண்டுகள் நிற்கும், ஆனால் அது கறல் இல்லாத சுத்தமான தகரத்துக்கே ஏற்றது. ஏற்கெனவே கறல் தொடங்கிவிட்ட பழைய காருக்கு, ஊர்ந்து பொருத்துகளுக்குள் இறங்கும் எண்ணெயே மேல், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தாலும். பிரேக் தட்டிலும் புகைக்குழாயிலும் அது படக்கூடாது. கதவு இறப்பர்களை எண்ணெய் ஊதிப்போகச் செய்யும் என்பதால் அவற்றுக்குச் சிலிக்கன் கிறீஸ் மட்டுமே பூச வேண்டும். பூசினால் கதவு உறைந்து ஒட்டுவதும் இல்லை. தெளித்து முடித்ததும் அடித்துளைகளை மறுபடியும் குத்திப் பார்ப்பேன். அப்பாவின் காலத்தில் எஞ்சினிலிருந்து எடுத்த பழைய ஒயிலைத்தான் காரின் அடியில் பூசினார்கள். அதில் அமிலங்களும் உலோகத் துகள்களும் கலந்திருக்கும், மண்ணிலும் கிணற்றிலும் போய்ச் சேரும், ஆகவே இன்று அதைச் செய்யக்கூடாது. பற்றறியோடு இணைத்துக் கறலைத் தடுப்பதாக விற்கப்படும் சிறு மின்பெட்டிகளையும் நான் நம்பவில்லை. கப்பலும் நிலத்தடிக் குழாயும் எப்போதும் ஈரமான ஊடகத்தில் இருப்பதால் மின்முறைப் பாதுகாப்பு அவற்றில் வேலை செய்கிறது. காற்றில் நிற்கும் காரில் அந்தச் சுற்று முழுமை அடைவதே இல்லை.

கழுவுவதற்கும் நேரம் உண்டு. வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஏறும் நாளில், நாணயம் போட்டுக் கழுவும் இடத்துக்குச் சென்று, மேனியைவிட அடிப்பகுதிக்கும் சில்லு வளைவுகளுக்கும் அதிக நேரம் கொடுத்துக் கழுவி, திரும்பும் வழியில் சற்றுத் தூரம் சுற்றி ஓட்டி நீரை உதறுவேன். வசந்தத்தின் பெருமழைகள் தெருவைக் கழுவிய பிறகு செய்யும் கடைசிக் கழுவலை ஒருபோதும் தவறவிடக் கூடாது. குளிர்காலம் விட்டுச் சென்ற உப்பு, கோடையின் புழுக்கத்தில்தான் தன் வேலையை மும்முரமாகச் செய்யும்.

ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் கோடை ரயர்களின் இறப்பர் இறுகிவிடுகிறது. நல்ல குளிர்கால ரயர்கள் நான்கும் போட்டால், எடை இரு அச்சுகளிலும் ஏறக்குறையச் சமமாகப் பரவியிருக்கும் இந்தக் கார் பனியில் அடக்கமாகவே நடந்துகொள்கிறது. தாழ்வான அடிப்பகுதிதான் உண்மையான தடை, குறிப்பாகப் பனிவாரி வண்டி வீட்டு வாசலில் குவித்துவிட்டுப் போகும் மேட்டைத் தாண்டும்போது. இரவில் ஹான்ட் பிரேக்கை இழுத்து விடுவதில்லை. ஈரம் உறைந்து பின்பிரேக் பிடித்துக்கொள்ளும் என்பதால் கியரில் போட்டு நிறுத்துகிறேன். துணிக்கூரையின் பிளாஸ்ரிக் யன்னல் குளிரில் மடித்தால் பிளந்துவிடும். ஆகவே நவம்பரில் மூடிய கூரை ஏப்ரலில்தான் திறக்கும்.

இந்த ஒக்ரோபரிலும் அரை லீற்றர் தண்ணீரோடுதான் தொடங்கினேன். வலது பக்கம் உடனே வடிந்தது. இடது பக்கம், 2018இல் வெட்டி ஒட்டிய அதே பக்கம், தயங்கியது. நைலோன் நூலை மூன்று முறை உள்ளே விட்டு இழுத்த பிறகு, ஊறிக் கறுத்த ஒரு மேப்பிள் விதை இறக்கையோடு தண்ணீரில் வந்து விழுந்தது. அதன் பின்னால் நீர் தடையில்லாமல் ஓடியது.