பார்மேட் அடிச்சிடலாமா?

2008-ல் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். நெட்வொர்க், பிரிண்டர், டோனர், முதலாளி மகனின் செல்போன் எல்லாம் என் இலாகா. கரன்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத காலம். ஒரு மத்தியானம் போனது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. சரக்கு வாங்கும் பையர்களோடு பேசி ஆர்டர் பார்க்கும் சீனியர் மெர்ச்சண்டைசர் அக்காவின் கம்ப்யூட்டர் அதன் பிறகு விண்டோஸ் வரைக்கும் வரவே இல்லை.

சர்வீஸுக்கு வந்த பையன் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "சார், பார்மேட் அடிச்சிடலாமா? மை டாக்குமென்ட்ஸ் பேக்கப் இருக்குல்ல?" என்றான். இருந்தது. சனிக்கிழமை தவறாமல் டிவிடியில் எழுதி வைப்பேன். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அக்காதான் குறுக்கே வந்தார்: "மெயிலும் அதுல இருக்குங்களா தம்பி?"

இல்லை. அவுட்லுக் மெயிலையெல்லாம் ஒரே பிஎஸ்டி ஃபைலில் போட்டு, லோக்கல் செட்டிங்ஸ் என்கிற மறைவான ஃபோல்டருக்குள் வைத்திருக்கும். நான் எழுதிய டிவிடி எதிலும் அது கிடையாது. சர்வரில் இருக்குமே என்றால், அதுவும் இல்லை. பாப் 3 முறையில் மெயில் இறங்கியதும் சர்வரில் அழிந்துவிடும். ஒரு நகல் அங்கேயே இருக்கட்டும் என்று ஒரு டிக் போடலாம். மெயில்பாக்ஸ் நிரம்பிவிடுகிறது என்று மாதாமாதம் புகார் வந்ததால் அந்த டிக்கை எடுத்துவிட்டதும் நான்தான்.

அக்காவுக்கு அவசரமாக வேண்டியது ஒரே ஒரு மெயில். லேப் டிப்பில், அதாவது சாயம் ஏற்றும் முன் நிறம் பார்க்க அனுப்பும் மாதிரித் துண்டுகளில், பி ஆப்ஷன் ஓகே என்று பையர் அனுப்பியது. துணி சாயம் ஏறி வந்தாகிவிட்டது. பையர் தரப்பில் ஆள் மாறி, புது ஆள், "நாங்கள் சொன்னது ஏ" என்கிறார். மெயிலைக் காட்டாவிட்டால் டெபிட் நோட்தான், நஷ்டத்தை எங்களுக்கு வரும் பணத்தில் பிடித்துவிடுவார்கள்.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஜம்பரை மாற்றி, என் கம்ப்யூட்டரில் ஸ்லேவாக, அதாவது இரண்டாவது டிஸ்காக, மாட்டினேன். டிரைவ் தெரிந்தது. ஃபைலும் இருந்தது. அளவைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது: 2 ஜிபி. எங்களிடம் இருந்தது அவுட்லுக் 2000. அதன் பிஎஸ்டி 2 ஜிபியைத் தொட்டுவிட்டால் திறக்காது. 2003-ல் வந்த புது வகை ஃபைல் 20 ஜிபி வரை தாங்கும். செலவு என்று நாங்கள் மாறவில்லை. கரன்ட் போகாமல் இருந்திருந்தாலும் அந்த வாரமே இது நின்றிருக்கும். முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை.

இதற்கென்று மைக்ரோசாஃப்டே ஒரு சின்னக் கருவி கொடுத்திருந்தது. வைத்தியம் இதுதான்: ஃபைலின் வாலை வெட்டு. வெட்டுப்படும் இடத்தில் எந்த மெயில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நகல் ஒன்று எடுத்து, அதில் 25 எம்பியை வெட்டினேன். அப்புறம் ரிப்பேர் செய்ய ஸ்கேன்பிஎஸ்டி. அது எட்டு கட்டமாகப் போகும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். நடுவில் ஜெனரேட்டரை நிறுத்தவேண்டாம் என்று வாட்ச்மேன் அண்ணனிடம் இரண்டு முறை போய்ச் சொன்னேன்.

காலையில் ஃபைல் திறந்தது. பாதி மெயில் பழைய இடத்தில், மீதி 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரில் குப்பையாக. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தார். பதினொரு மணி வாக்கில் கிடைத்தது. அட்டாச்மென்ட் போய்விட்டது, பி ஆப்ஷன் ஓகே என்ற அந்த ஒரு வரி மட்டும் தேதியோடு இருந்தது. பிரிண்ட் எடுத்து, பஞ்ச் பண்ணி, பாக்ஸ் ஃபைலில் கோத்த பிறகுதான் டீ குடித்தார்.

கிடைக்காமல் போனவற்றை பையர்களிடமே திரும்பக் கேட்டார். தொலைந்துவிட்டது என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. 'ரெடி ரெஃபரன்ஸுக்காக' இன்னொரு முறை அனுப்பச் சொன்னார். பதினைந்து வருட மெர்ச்சண்டைசிங் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை டிவிடி எழுதும்போது என் பின்னால் வந்து நின்றார். லிஸ்டில் பிஎஸ்டி ஃபைலைக் காட்டி, "இதுதானுங்களா?" என்றார்.

"இதுதானுங்க அக்கா."

"அப்ப இத்தன நாளா என்னத்தத்தான் எழுதிட்டிருந்தீங்க?"