வீடியோவில் ஜிபி: மெடிகேர் எப்போது பணம் தரும், எப்போது கை விரிக்கும்

ஆஸ்திரேலியாவில் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கார்டு கைக்கு வந்துவிட்டால் எந்த ஜிபியிடமும் (பொது மருத்துவர்) வீட்டிலிருந்தபடியே பேசிக்கொள்ளலாம் என்று புதிதாக வந்தவர்கள் பலர் நம்புகிறார்கள். 2020 மார்ச்சில், கொரோனாவுக்காகத் திறந்துவிட்டபோது, அப்படித்தான் இருந்தது. அந்த ஆண்டு ஜூலையிலேயே பிடியை இறுக்கிவிட்டார்கள். இப்போது, வீடியோவில் பேசும் நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்குள் அந்த டாக்டரை நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது அவர் இருக்கும் கிளினிக்குக்கு நேரில் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் முழுக் கட்டணமும் உங்கள் தலையில்தான்.

இதை நாள் கணக்காகப் பார்க்கிறார்கள். மார்ச் 10 அன்று நேரில் போனவருக்கு அடுத்த ஆண்டு மார்ச் 15 அன்று வீடியோவுக்கு மெடிகேர் பணம் கிடையாது. இடையில் ஐந்து தடவை வீடியோவில் பேசியிருந்தாலும் அது சேராது. நேரில் போனது மட்டுமே கணக்கு. அந்த கிளினிக்கின் நர்ஸைப் பார்த்தாலும் போதும் என்பது பலருக்குத் தெரியாது. குளிர்காலத்துக்கு முன் போடும் ஃப்ளூ ஊசியை மருந்துக்கடையில் போடாமல் கிளினிக்கிலேயே போட்டுக்கொண்டால் ஓராண்டுக்குக் கவலையில்லை. வீடு மாறிப் புது கிளினிக் பிடிப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்; அங்கே முதல் தடவை நேரில்தான் போக வேண்டும். டாக்டர் கிளினிக் மாறினால் சிக்கலில்லை, அவரே உங்களைப் பார்த்திருக்கிறாரே.

ஒரு வயது நிரம்பாத குழந்தை, வீடில்லாதவர், இயற்கைப் பேரிடர் பாதித்த பகுதியில் இருப்பவர் போன்றோருக்கு இந்த விதி இல்லை. ஒரு கிளினிக்கைத் தன் வழக்கமான கிளினிக்காகப் பதியும் திட்டமான மைமெடிகேரில் பதிவு செய்தவருக்கும் அவர் பதிந்த கிளினிக்கில் விலக்கு உண்டு. 2023 அக்டோபரில் வந்த இந்தப் பதிவு இலவசம். பொதுவாக 24 மாதத்தில் இரண்டு தடவை அதே கிளினிக்குக்கு நேரில் போயிருக்க வேண்டும்.

“ஃபோன் போதும், வீடியோ எதுக்கு?” என்று கேட்டால் ரிசப்ஷனில் இழுப்பார்கள். காரணம் பணம்தான். வீடியோவில் 6 நிமிடம், 20 நிமிடம், 40 நிமிடம் என்று நேரம் கூடக் கூட மெடிகேர் தொகையும் கூடும். ஃபோனில் 6 நிமிடம் தாண்டிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு பேசினாலும் ஒரே தொகை. நீண்ட ஃபோன் பேச்சுக்குத் தனித் தொகை மைமெடிகேர் பதிவு உள்ளவர்களுக்கு மட்டும். போதாக்குறைக்கு, 12 மாதத்தில் 20 நாள், நாளுக்கு 30 ஃபோன் என்ற அளவைத் தொட்டால் டாக்டர் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அலுத்துக்கொள்ளாமல் வீடியோவுக்கே ஒப்புக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க்கை குரோமிலோ சஃபாரியிலோ திறந்து, கேமராவுக்கும் மைக்குக்கும் ‘அலோ’ கொடுங்கள். அங்கேதான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

ஸ்பெஷலிஸ்டுக்கு 12 மாத விதி இல்லை. செல்லுபடியாகும் ரெஃபரல் (டாக்டர் தரும் பரிந்துரைக் கடிதம்) வேண்டும். ஜிபி கொடுக்கும் ரெஃபரல் பொதுவாக முதல் சந்திப்பிலிருந்து 12 மாதம் ஓடும். முதல் சந்திப்பை வீடியோவில் வையுங்கள். ஃபோனில் வைத்தால் பெரும்பாலும் மெடிகேர் தராது. வீடியோவிலும் அரசு நிர்ணயித்த அட்டவணைக் கட்டணத்தில் 85 சதவீதம்தான் திரும்பும். ஸ்பெஷலிஸ்டுகள் அதற்கு மேலும் வாங்குவதால் கேப் (உங்கள் கையிலிருந்து போகும் மீதித் தொகை) எவ்வளவு என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மெடிகேரே இல்லாதவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. மாணவர் விசாவில் உள்ள நம் பிள்ளைகள் ஓஎஸ்எச்சி என்ற வெளிநாட்டு மாணவர் மருத்துவக் காப்பீட்டைத்தான் பார்க்க வேண்டும். பேரக்குழந்தையைப் பார்க்க விசிட்டர் விசாவில் வரும் அம்மா அப்பாவுக்கும் கிடையாது. பிரிட்டன், நியூசிலாந்து, இத்தாலி போன்ற நாடுகளோடு மருத்துவ உடன்பாடு உண்டு. இந்தியாவோ இலங்கையோ அதில் இல்லை. புகலிடம் கோரி, முடிவு வரும்வரை தரும் பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர் வேலை உரிமை இருக்கிறதா என்று விசாக் கடிதத்தைப் பாருங்கள், பெரும்பாலும் தகுதி அதைப் பொறுத்தது.

பேசும் நேரத்தில் நீங்களும் டாக்டரும் ஆஸ்திரேலியாவுக்குள் இருக்க வேண்டும். விடுமுறைக்குச் சென்னையோ யாழ்ப்பாணமோ போய் அங்கிருந்து மெல்பர்ன் ஜிபியோடு பேசினால் மெடிகேர் தராது. மாத்திரைச் சீட்டைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்களுக்கு டிஸ் நேஷனல் என்ற அரசு மொழிபெயர்ப்புச் சேவையின் மொழிபெயர்ப்பாளரை டாக்டரே அழைத்து வீடியோவில் சேர்த்துக்கொள்ளலாம். மெடிகேர் உள்ள நோயாளிக்கு இதில் செலவில்லை. அப்பாயின்ட்மென்ட் போடும்போதே தமிழ் வேண்டும் என்று சொல்லி வைத்தால் அந்த நேரத்துக்கு ஆள் கிடைப்பது எளிது.