பாட்டக் காணலையே தம்பி

“பாட்டக் காணலையே தம்பி?”

2023 டிசம்பர் 22, வெள்ளிக்கிழமை காலை. அண்ணாச்சி கோபமாகக் கேட்கவில்லை. கடையில் வழக்கமாக வாங்கும் சாமான் அன்றைக்கு இல்லையென்றால் கேட்போமே, அந்த மாதிரிதான் கேட்டார். “பள்ளிக்கூடத்துல தங்கியிருக்கோம். பிள்ளைய கேக்குதுவ. போட்டுக் காட்டலாம்னு பாத்தா காணல. நேத்தும் தேடுனேன்.” பின்னால் யாரோ பெரிய பாத்திரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது.

நான் சொன்னேன்: “வெள்ளத்துனால சர்வர் பிரச்சினை அண்ணாச்சி. ஒரு மணி நேரத்துல வந்துரும்.”

சர்வர் ஏதோ ஒரு நாட்டில் நனையாமல்தான் இருந்தது. பாட்டை மறைத்து வைத்தது நான்.

ஊர்ப் பாட்டுகளைப் பதிந்து இணையத்தில் வெளியிடுகிற எங்கள் தொழிலில் தேதிதான் பாதி வேலை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா பாட்டு, சித்திரையிலிருந்து ஆடி வரை அம்மன் கோயில் கொடைத் திருவிழாப் பாட்டு, புரட்டாசியில் குலசை தசரா, ஐப்பசியில் கந்த சஷ்டி, கார்த்திகை பிறந்தால் ஐயப்பன், அப்புறம் கிறிஸ்துமஸ். ஒரு மாதம் முந்தினால் யாரும் தேட மாட்டார்கள், ஒரு நாள் பிந்தினால் அடுத்த வருஷம்தான். அதனால் ஸ்டுடியோவுக்குள் எப்போதும் வேறொரு மாதம் நடந்துகொண்டிருக்கும். ஆவணி வெயிலில் சரணம் சொல்லிக்கொண்டிருப்போம். ஆடிக் காற்றில் மேல்மாடித் தகரம் படபடவென்று அடிக்கும் என்பதால் அந்த மாதம் முழுக்க ராத்திரிதான் பதிவு.

அண்ணாச்சியின் கிறிஸ்துமஸ் பாட்டைப் புரட்டாசியில் பதிந்தோம். மைக்கில் ஏசி இரைச்சல் ஏறும் என்று அணைத்துவிட்டதால் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கிறிஸ்துமஸ் என்றால் மணிச்சத்தம் வேண்டுமே என்று கீபோர்டில் தேடினேன். எல்லாமே வெளிநாட்டுப் பனிவண்டி மாதிரி ஒலித்தன. கரகாட்டக்காரர் ஒருவர் மறந்து விட்டுப்போன சலங்கை அலமாரியில் கிடந்தது. அதை ஒரு துண்டில் சுற்றி, சத்தம் லேசாக அமுங்கும்படி அண்ணாச்சியே ஆட்டினார். நன்றாக வந்தது. இன்றைக்கும் அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது அந்தச் சலங்கைதான்.

பாட்டில் பனி கிடையாது, மழைதான் உண்டு. ‘மழை வந்து தாலாட்ட மாட்டுக்கொட்டில் வந்தீரோ’ என்று பல்லவி. பெத்லகேமில் மழையா என்று விளையாட்டாகக் கேட்டேன். “பெத்லகேம நான் எங்க கண்டேன்? எங்க ஊருல கிறிஸ்துமஸ்னா மழைதான். கேரல் ரவுண்ட்ஸ் போனா குடைக்குள்ளதான் பாடுவோம்” என்றார். வாழை போட்டிருப்பவர். மழை அவருக்கு வேண்டியவர் வீட்டு விருந்தாளி.

நவம்பர் கடைசியில் தேதி பேசினோம். அவர் கேட்டது டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. “அன்னைக்கு விட்டா பாடகர் குழு பிள்ளைய படிச்சிரும். ரவுண்ட்ஸ்ல வீடு வீடாப் போயிரும்லா?” நான் 17 என்றேன். கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, எல்லாரும் வீட்டில் போனும் கையுமாக இருக்கும் நேரம். முன்னாலேயே விட்டால் பண்டிகைக்குள் பழசாகிவிடும் என்று விளக்கினேன். அவர் வாதாடவில்லை. “நீ சொன்னா சரிதான்.”

இப்போது யோசித்தால், அவர் பேசியது பாடுகிறவர்களைப் பற்றி, நான் பேசியது கேட்கிறவர்களைப் பற்றி. அன்றைக்கு இரண்டும் ஒன்றென்றுதான் எனக்குப் பட்டது.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலில் சென்னை முங்கியது. நம்மூர்ப் பாட்டை அதிகம் கேட்பதும் பகிர்வதும் சென்னைக்குப் போன நம்மூர்ப் பிள்ளைகள்தான். அண்ணாச்சி சொன்ன தேதியில் விட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? வெட்கமில்லாமல் போன் போட்டு, “பாத்தியளா அண்ணாச்சி, 17ன்னு சொன்னது நல்லதாப் போச்சு” என்றேன். “ஆமாப்பா. மவன் முடிச்சூர்ல மாடியில ஏறி நிக்கானாம்” என்றார். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். பையன் பத்திரம்தானே என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டுத் தம்ப்நெயிலில் எந்தப் படம் வைப்பது என்று பேச ஆரம்பித்தேன்.

17ஆம் தேதி மழை பிடித்துக்கொண்டு என்ன ஆனது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக்குள் இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிவிட்டதா என்று கேட்டு வெள்ளத்தை அளக்கிற ஊர் திருநெல்வேலி. அந்த முறை கேட்க வேண்டியிருக்கவில்லை, ஜங்ஷனே முங்கிக் கிடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோனது. ஏரல் பக்கம் யாருக்கும் போன் போகவில்லை.

ஆறு மணிக்கு என்று குறித்து வைத்திருந்த பாட்டு, ஆறு மணிக்குத் தானாக வெளியாகிவிட்டது. எனக்கு அது நினைவிலேயே இல்லை. 19ஆம் தேதி பாளையங்கோட்டையில் சிக்னல் வந்தபோதுதான் பார்த்தேன். நூற்றுச்சொச்சம் பேர் கேட்டிருந்தார்கள். கீழே, வளைகுடாவில் இருக்கிறவர் போல, ஒருவர் எழுதியிருந்தார்: ஊரே தண்ணியில நிக்கி, இப்ப மழையப் பத்திப் பாட்டு தேவையா?

மழை வந்து தாலாட்ட. நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். உடம்பு கூசியது. இரண்டு தட்டில் பாட்டைப் பிரைவேட்டில் போட்டேன். அண்ணாச்சியிடம் கேட்கலாமென்றால் அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே அப்போது தெரியாது. இந்த வரிக்குக் கீழேதான் நான் வழக்கமாக ஒளிந்துகொள்வேன். 20ஆம் தேதி அவர் ஊர்க்காரர் ஒருவர் மூலம் எல்லாரும் பத்திரம் என்று தெரிந்துவிட்டது. 21ஆம் தேதி முழுக்க நான் சும்மா இருந்தேன். அந்த ஒரு நாளுக்கு என்னிடம் பதில் கிடையாது.

22ஆம் தேதி பேச்சில் கடைசியாகத்தான் சொன்னார், “மாடு ரெண்டும் போச்சு. வாழையப் பத்திக் கேக்காத.” அப்புறம் மறுபடியும், “ஒரு மணி நேரத்துல வந்துரும்லா? கரண்டு இல்ல, சார்ஜு கொஞ்சந்தான் இருக்கு.”

அஞ்சு நிமிஷத்தில் பாட்டைத் திறந்துவிட்டேன். ஒரு மணி நேரம் என்று சொன்னதால் ஒரு மணி நேரம் காத்திருந்து அவருக்குச் செய்தி அனுப்பினேன். பொய்யை ஒழுங்காகச் சொல்லவேண்டாமா!

அவருக்காவது அந்த வரி உறுத்தியிருக்காதா? மாட்டுக்கொட்டில் என்ற சொல் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்? நான் கேட்கவில்லை. தண்ணீருக்கு வெளியே இருந்தவர்களுக்குத்தான் மழைப்பாட்டு தப்பாகப் பட்டது என்று ஒரு நேரம் தோன்றும். இன்னொரு நேரம், அவர் ஒருத்தருக்குத்தான் அப்படி, பக்கத்துப் பாயில் வேறு யாராவது முகத்தைத் திருப்பியிருப்பார்கள், நான் செய்தது சரிதான் என்று தோன்றும்.

பாட்டு கேட்பதற்கும் பருவத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 2019இல் வந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 51 நாடுகளில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் கேட்ட 76.5 கோடி பாட்டுகளின் கணக்கு. ராத்திரி நேரத்தில் அமைதியான பாட்டு, வேலை நேரத்தில் துடிப்பான பாட்டு, வருஷத்தில் பகல் நீள நீள ரசனையும் மாறுகிறது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நம்மூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். நமக்குப் பருவமென்பது வெயில், காற்று, தண்ணீர், கொடை. அதிலும் மழை ஒன்றா? ஆனியில் குற்றாலச் சாரல் என்றால் வண்டி பிடித்துப் போய் நனைகிறோம். அதே ஆனியில் இங்கே பாளையங்கோட்டையில் வெறும் புழுதிக் காற்று. கார்த்திகை, மார்கழி மழைக்குக் குளத்து மடையைப் பார்க்கப் போகிறோம். மழைப்பாட்டு என்று ஒரே பெயரில் இத்தனையையும் ஒரு பட்டியலில் போட்டு வைக்கிற தொழில் என்னுடையது.

அமெரிக்கப் பாடகி மரியா கேரியின் கிறிஸ்துமஸ் பாட்டு 1994இல் வந்தது, அந்நாட்டுப் பில்போர்டு தரவரிசையில் முதலிடத்துக்கு 2019 டிசம்பரில்தான் போனது, 25 வருஷம் கழித்து. பண்டிகைப் பாட்டுக்குச் சாவே கிடையாது அண்ணாச்சி, வருஷா வருஷம் திரும்ப வரும் என்று அவருக்கு ஆறுதல் சொல்ல இதை எடுத்து வைத்திருந்தேன். முதல் வாரத்தில் கேட்காவிட்டால் போச்சு என்று நவம்பரில் சொன்னதும் இதே வாய்தான்.

இப்போதெல்லாம் பாடினவரைக் கேட்காமல் எந்தப் பாட்டையும் மறைப்பதில்லை. அப்படித்தான் எல்லாரிடமும் சொல்கிறேன். நடுவில் ஒரு கொடைப் பாட்டை, அந்த ஊரில் ஒரு சாவு விழுந்தது என்று கேள்விப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைத்தேன். கேட்கவில்லை. அவர்களும் கவனிக்கவில்லை.

2024 புரட்டாசியில் அண்ணாச்சி வந்தார். மறுபடியும் வாழை போட்டிருக்கிறார், மாடு இன்னும் வாங்கவில்லை. புதுப்பாட்டு ஒன்றை நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதிலும் மழை இருந்தது. சலங்கை இருக்கிறதா என்று அவரே அலமாரியைத் திறந்து எடுத்துத் துண்டில் சுற்றினார். ஏசியை அணைத்தேன். மூன்றாவது டேக்கில் ஓகே ஆனது.

கிளம்பும்போது அந்த வெள்ளம், பள்ளிக்கூடம், போன் எதைப் பற்றியும் பேசவில்லை. நான் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, “எப்ப விடணும்னு நீயே பாத்துக்க. ஒனக்குத்தான் நேரங்காலம் தெரியும்” என்றார்.

சரி அண்ணாச்சி என்றேன்.